உங்கள் செல்போன் யாரோடு பேசுகிறது?
நடுவழியில் நிறுத்திப் பார்க்கும் "சோதனைச் சாவடி"!

நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பந்தலூர் தாலுகாவில் இருக்கிறது சேரம்பாடி. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பக்கத்திலேயே கேரள எல்லை. அந்த எல்லையில் சோலாடி என்ற இடத்தில் ஒரு சோதனைச் சாவடி உண்டு.

வயநாட்டுக்குப் போகும் லாரி அங்கே நிற்கும். "எங்கிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்? உள்ளே என்ன சரக்கு?" என்று கேட்பார்கள். சந்தேகம் வந்தால் தார்ப்பாயை விலக்கிப் பார்ப்பார்கள். பிறகு கம்பத்தைத் தூக்கி விடுவார்கள். லாரி தன் வழியே போய்விடும்.

லாரிக்குச் சாவடி இருக்கிறது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்கு?

செல்போனிலிருந்தும் சரக்கு போகிறது. பகலென்றும் இரவென்றும் பாராமல் போகிறது. யாருக்குப் போகிறது, என்ன போகிறது என்று போனின் சொந்தக்காரருக்கே தெரியாது.

"நான் போனைத் தொடவே இல்லையே, தம்பி! அது எப்படிப் பேசும்?" என்று லைன் வீட்டுப் பாட்டி கேட்கலாம்.

"நீங்க தூங்கினாலும் அது தூங்காது, பாட்டி!" என்பதுதான் பேரன் சொல்லக்கூடிய பதில்.

ஆம்! அலமாரியில் சும்மா கிடக்கும் போன்கூட, புதுத் தபால் வந்ததா என்று கேட்கும். மழை நிலவரம் கேட்கும். விளம்பரம் வாங்கி வரும். அதில் உள்ள ஆப்கள் பல தனித்தனியே தம் முதலாளி வீட்டுக்குத் தகவல் அனுப்பும்.

இந்தப் பேச்சை நடுவில் நிறுத்திப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெயர் "பிராக்சி".

வருகைப் பதிவில் வந்த பெயர்

பிராக்சி என்றால் கல்லூரி மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். சினிமாவுக்குப் போன நண்பனுக்காக வகுப்பில் "உள்ளேன் ஐயா!" என்று குரல் கொடுப்பதுதான் பிராக்சி. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்பது.

இங்கே போனுக்குப் பதிலாக நிற்பது ஒரு கம்ப்யூட்டர். போன் தன் கடிதத்தை நேரே வெளியுலகத்துக்கு அனுப்பாமல், கம்ப்யூட்டரிடம் கொடுக்கும். கம்ப்யூட்டர் அதைப் பிரித்துப் பார்த்து, நகல் எடுத்துக்கொண்டு, உரிய இடத்துக்கு அனுப்பும். பதில் வந்தால் அதையும் பார்த்துவிட்டுப் போனிடம் கொடுக்கும். போனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

இதற்கான கம்ப்யூட்டர் புரோகிராம்கள் பல உண்டு. "பிட்லர்" என்பதை மைக்ரோசாப்ட் கம்பெனியில் வேலை பார்த்த எரிக் லாரன்ஸ் எழுதினார். "மிட்ம்பிராக்சி" என்பதைத் தொடங்கியவர் அல்டோ கார்ட்டெசி. இது இலவசம். "நடுவில் நிற்கும் ஆள்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. "சார்லஸ்", "பர்ப்" என்றும் இரண்டு உண்டு. பெயர்கள் வேடிக்கையாக இருந்தாலும் எல்லாம் செய்வது ஒரே வேலைதான்.

செய்முறை அதிசயம் ஒன்றும் இல்லை. போனும் கம்ப்யூட்டரும் ஒரே வைபையில் இருக்க வேண்டும். போனில் வைபை அமைப்பைத் திறந்து, பிராக்சி என்ற இடத்தில் கம்ப்யூட்டரின் எண்ணை எழுத வேண்டும். அது வீட்டு விலாசம் போல. கூடவே "போர்ட்" என்று ஒரு எண். அது அந்த வீட்டின் வாசல் எண். பெரும்பாலும் 8080 அல்லது 8888. அவ்வளவுதான். அடுத்த நிமிடத்திலிருந்து போனின் பேச்சு வரி வரியாகக் கம்ப்யூட்டர் திரையில் ஓடும்.

கடிதத்தில் என்ன இருக்கும்?

ஒவ்வொரு வரியும் ஒரு கடிதம். மேலே விலாசம். "எனக்கு இதைக் கொடு" என்று கேட்பது ஒரு வகைக் கடிதம். "இதை வைத்துக்கொள்" என்று கொடுப்பது இன்னொரு வகை. கடிதத்தின் தலைப்பில் போன் என்ன மாடல், என்ன மொழி என்ற விவரங்கள் இருக்கும்.

பதிலுக்கு ஒரு எண் வரும். 200 என்றால் "சரி, கிடைத்தது". 404 என்றால் "அப்படி ஒன்றும் இங்கே இல்லை". 500 என்றால் "கோளாறு எங்கள் பக்கம்".

இந்த எண்களை வைத்துத்தான் ஆப் எழுதும் புரோகிராமர்கள் நோயைக் கண்டுபிடிக்கிறார்கள். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்கிறீர்கள். பொத்தானை அழுத்தினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கோளாறு போனிலா, கம்பெனி யந்திரத்திலா? பிராக்சியில் பார்த்தால் தெரிந்துவிடும். கடிதமே போகவில்லை என்றால் குற்றம் ஆப்பில். கடிதம் போய் 500 என்று பதில் வந்தால் குற்றம் கம்பெனியில். ஒரே பணக் கடிதம் இரண்டு தடவை போயிருந்தால்? உங்கள் கணக்கில் இரண்டு தடவை பணம் குறைந்ததற்குக் காரணம் அதுவே!

இன்னொரு உபயோகமும் உண்டு. மலைநாட்டுக்காரர்களுக்கு அது முக்கியம். சென்னையில் உட்கார்ந்து ஆப் எழுதுகிறவருக்கு நெட் குதிரை வேகத்தில் ஓடும். மலைச் சரிவில், மழையில், ஒரே ஒரு கோடு சிக்னலில் அந்த ஆப் என்ன பாடு படும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சார்லஸ் போன்ற பிராக்சியில் நெட் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துப் பார்க்கலாம். சென்னை அறையிலேயே சேரம்பாடியைக் கொண்டு வந்து விடலாம்! எத்தனை பேர் அப்படிச் சோதிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

தாசில்தார் முத்திரை

இங்கே ஒரு கேள்வி எழும். "இவ்வளவு சுலபமாகக் கடிதத்தைப் பிரிக்க முடியும் என்றால், என் வங்கிக் கணக்கு என்ன ஆவது?"

நல்ல கேள்வி. பயப்பட வேண்டாம். முன்காலத்தில் இணையக் கடிதங்கள் பெரும்பாலும் தபால் கார்டு போலத்தான் இருந்தன. வழியில் யாரும் படிக்கலாம். இப்போது பெரும்பாலானவை பூட்டிய பெட்டிகள். இணைய விலாசத்தின் முன்னால் "எச்.டி.டி.பி.எஸ்." என்று வருகிறதல்லவா? கடைசியில் உள்ள "எஸ்" தான் பூட்டு. சாவடியில் நிற்கிறவருக்குப் பெட்டி எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியும். உள்ளே இருப்பது தெரியாது.

பூட்டுக்கு ஆதாரம் ஒரு சான்றிதழ். சாதிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியருக்கு உங்களைத் தெரியாது. ஆனால் தாசில்தாரின் கையெழுத்தையும் முத்திரையையும் நம்புகிறார். அதேபோல வங்கியின் கம்ப்யூட்டர் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் முத்திரை குத்தியவர் யார் என்று போன் பார்க்கிறது. நம்பத்தக்க முத்திரைக்காரர்களின் பட்டியல் ஒன்று போனுக்குள்ளேயே இருக்கிறது. அதில் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. முத்திரை அந்தப் பட்டியலில் இருந்தால்தான் போன் பேசும். இல்லாவிட்டால், "இது ஆபத்தான இடம்" என்று கூச்சல் போடும்.

பிராக்சி என்ன செய்கிறது? "நான்தான் வங்கி" என்று தானே ஒரு சான்றிதழ் தயாரித்துப் போனிடம் நீட்டுகிறது. முத்திரை குத்தியதும் அதுவேதான்! போன் ஏற்காது. "இந்தத் தாசில்தாரை எனக்குத் தெரியாது" என்று மறுத்துவிடும்.

ஆகவே, சோதனை செய்கிறவர் தன் சொந்தப் போனைத் திறந்து, "இந்த முத்திரையையும் நம்பு" என்று பட்டியலில் தானே சேர்க்க வேண்டும். ஐபோனில் அதற்கென்று உள்ள பொத்தானைத் தனியாகத் தள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு போனில், 2016-ல் வந்த 7-ம் பதிப்பு முதல், சொந்தக்காரர் சேர்த்த முத்திரையைக்கூட ஆப்கள் சாதாரணமாக ஏற்பதில்லை. ஆப்பை எழுதியவரே அனுமதித்தால்தான் ஏற்கும். சில ஆப்கள் இன்னும் கெட்டி. "எனக்குத் தெரிந்த இந்த ஒரு முத்திரையைத் தவிர, பிரம்மாவே வந்து குத்தினாலும் ஏற்கமாட்டேன்" என்று இருந்துவிடும். வாட்ஸ்அப் கடிதங்களோ அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டுப் போட்டவை. சேரம்பாடியிலிருந்து ஹட்டனில் உள்ள சொந்தக்காரருக்கு எழுதினால், நடுவில் நிற்கிறவருக்கு ஒன்றும் புரியாது.

மழை கேட்டவர் வீட்டு விலாசம்

2017 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஒரு சம்பவம் நடந்தது. "அக்யூவெதர்" என்பது உலகெங்கும் பலர் பயன்படுத்தும் மழை, வெயில் நிலவர ஆப். வில் ஸ்ட்ராபாக் என்ற பாதுகாப்பு நிபுணர், தம் ஐபோனில் அதைப் போட்டு, அது யாரோடு பேசுகிறது என்று சோதித்தார்.

"நான் இருக்கும் இடத்தை நீ தெரிந்துகொள்ளக் கூடாது" என்று ஆப்புக்குத் தடை போட்டிருந்தால் என்ன நடக்கிறது என்றும் பார்த்தார். என்ன ஆச்சரியம்! தடை இருந்தும், போன் சேர்ந்திருந்த வைபை பெட்டியின் பெயரும் அதன் அடையாள எண்ணும் "ரிவீல் மொபைல்" என்ற வேறொரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தன. வைபை பெட்டி எந்தத் தெருவில் இருக்கிறது என்பதற்கு உலகில் அட்டவணைகள் இருக்கின்றன. பெட்டி தெரிந்தால் வீடு தெரிந்த மாதிரி! 36 மணி நேரத்தில் 16 தடவை தகவல் போயிற்று. அத்தனை நேரமும் ஆப் திரையில்கூட இல்லை.

செய்தி வெளிவந்ததும் அந்தப் பகுதியை ஆப்பிலிருந்து கம்பெனி எடுத்துவிட்டது.

தென்மேற்குப் பருவமழை கொட்டும் சேரம்பாடியில் மழை கேட்காத வீடு இருக்குமா? மழையைக் கேட்பது தப்பில்லை. கேட்டவர் வீட்டு விலாசம் மூன்றாம் பேர்வழிக்கு எதற்கு?

இரண்டு கட்சிகள், ஒரே வாரம்

நம் நாட்டிலும் இப்படி நடந்தது. 2018 மார்ச் மாதக் கடைசி. ராபர்ட் பாப்டிஸ்ட் என்ற பிரெஞ்சுக்காரர், "எலியட் ஆல்டர்சன்" என்ற புனைபெயரில் டுவிட்டரில் எழுதி வந்தார். பிரதமர் நரேந்திர மோடியின் பெயரில் உள்ள ஆப்பில் ஒருவர் கணக்குத் தொடங்கினால், அவருடைய பெயர், மின்னஞ்சல், புகைப்படம், ஆணா பெண்ணா என்ற விவரம் எல்லாம் வேறொரு கம்பெனியின் விலாசத்துக்குப் போகின்றன என்று அவர் காட்டினார். அது அமெரிக்காவைச் சேர்ந்த "கிளெவர்டேப்" கம்பெனி. ஒவ்வொருவருக்கும் பொருத்தமான செய்தியைக் காட்டுவதற்கான கணக்கெடுப்புத்தான் அது என்று பாரதீய ஜனதா விளக்கம் சொன்னது. ஆப்பின் தகவல் பாதுகாப்பு வாசகங்கள் அந்த நாட்களிலேயே மாற்றப்பட்டன.

காங்கிரஸ் கேலி செய்தது. ஆனால் அதே ஆள் காங்கிரசின் ஆப்பையும் எடுத்துப் பார்த்தார். உறுப்பினர் விவரங்களை அனுப்பும் கடிதத்தில் பூட்டே இல்லை என்றார். காங்கிரஸ் தன் ஆப்பையே கடையிலிருந்து எடுத்துவிட்டது. பல மாதங்களாக உறுப்பினர் சேர்க்கைக்கு அந்த ஆப் பயன்படவில்லை என்று கட்சி சொல்லிற்று.

ஆட்சிக் கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் பிராக்சிக்குக் கிடையாது. போனதைப் போனது என்று காட்டும். அவ்வளவுதான்.

சென்னைக்காரருக்கு 30 ஆயிரம் டாலர்

கடிதத்தைப் பார்ப்பது மட்டுமல்ல. மாற்றி எழுதியும் அனுப்பிப் பார்க்கலாம். இதில் பெயர் வாங்கியவர் சென்னையைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா.

இன்ஸ்டாகிராமில் கடவுச் சொல்லை மறந்துவிட்டால், போனுக்கு ஆறு இலக்க ரகசிய எண் ஒன்று வரும். பத்து நிமிடத்துக்குள் அதை அடிக்க வேண்டும். ஆறு இலக்கம் என்றால் மொத்தம் பத்து லட்சம் எண்கள்தான். எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் போட்டுப் பார்க்க முடியுமா? ஒரே இடத்திலிருந்து அனுப்பினால் சில நூறுக்குப் பிறகு தடுத்துவிடுகிறது. பல இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் அனுப்பினால்?

முத்தையா தம் சோதனையில் 1,000 இணைய விலாசங்களிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பினார். தடை வரவில்லை! 5,000 விலாசங்கள் இருந்தால் யாருடைய கணக்கையும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். வாடகைக் கம்ப்யூட்டர்களுக்குச் செலவு சுமார் 150 டாலர்.

அவர் யாருடைய கணக்கையும் பிடிக்கவில்லை. கம்பெனிக்கு எழுதினார். ஓட்டை அடைக்கப்பட்டது. 2019-ல் அவருக்குப் பேஸ்புக் கொடுத்த பரிசு 30 ஆயிரம் டாலர்! பின்னர் 2021-ல், மைக்ரோசாப்ட் கணக்குகளில் இதே போன்ற ஓட்டையைக் காட்டியதற்கு 50 ஆயிரம் டாலர் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கில் யாரும் கை வைக்க வேண்டாம். அனுமதியில்லாமல் பிறர் கம்ப்யூட்டரில் புகுந்து மோசடி செய்தால், 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். பரிசு கொடுக்கும் கம்பெனிகள்கூட, இதைச் சோதிக்கலாம், அதைத் தொடக் கூடாது என்று விதி போட்டே கொடுக்கின்றன.

ஐந்து நிமிடத்தில் கடன்!

தோட்டத்துக் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு இப்போது வருவோம்.

சேரம்பாடிப் பக்கம் அரசின் டான்டீ தோட்டங்கள் இருக்கின்றன. 1964-ம் ஆண்டு சாஸ்திரி, சிறீமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க வளர்ந்தவை அவை. கொழுந்து பறித்துச் சம்பாதிக்கும் குடும்பத்தில், பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் வந்தால் கை கடிக்கும். அப்போது போனில் ஒரு விளம்பரம் வருகிறது: "ஐந்து நிமிடத்தில் கடன்! ஜாமீன் வேண்டாம்!"

ஜாமீன் வேண்டாமா? ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறான்! ஆப்பைப் போட்டவுடன், "உங்கள் போனில் உள்ள பெயர்களைப் பார்க்கலாமா? புகைப்படங்களைப் பார்க்கலாமா?" என்று கேட்கும். அவசரத்தில் "சரி, சரி" என்று அழுத்துகிறோம். அந்த நிமிடமே மாமன், மச்சான், கணக்கப்பிள்ளை, பிள்ளையின் ஆசிரியர் என்று அத்தனை பேரின் எண்ணும் கடன்காரன் கைக்குப் போய்விடலாம். தவணை ஒரு நாள் தவறினால், அத்தனை பேருக்கும் போன் போகும். படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்புவதும் உண்டு. 2020 முதல் நாட்டில் பல இடங்களில் இந்தக் கொடுமை நடந்து, அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள்.

ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் இதைப் பற்றி ஆராய ஒரு குழு போட்டது. அந்தக் குழு பார்த்த காலத்தில், இந்தியாவில் கிடைத்த கடன் ஆப்கள் சுமார் 1,100. அவற்றில் சட்ட விரோதமானவை சுமார் 600! பாதிக்கு மேல்!

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி கொண்டு வந்தது. கடன் ஆப் எதுவும் போனில் உள்ள பெயர்ப் பட்டியல், படங்கள், பேசிய விவரம் எதையும் தொடக் கூடாது. ஆளைச் சரிபார்க்க ஒரு தடவை காமிரா, மைக், இருப்பிடம் கேட்கலாம். அதுவும் சம்மதத்துடன்தான்.

விதி இருக்கிறது. ஆப் அதன்படி நடக்கிறதா என்பதை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் சாவடி உதவுகிறது. விவரம் தெரிந்தவர், பொய்ப் பெயர்கள் மட்டும் எழுதிய பழைய போன் ஒன்றில் அந்த ஆப்பைப் போட்டு, பிராக்சி வழியாக விட்டுப் பார்ப்பார். பெயர்ப் பட்டியலைச் சுமந்துகொண்டு ஒரு கடிதம் வெளியே போனால், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். விலாசமும், நேரமும், சரக்கும் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பயந்து மேலும் மேலும் பணம் கட்ட வேண்டாம். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

முத்திரையே கள்ளமானால்?

பிராக்சியின் சக்தி முழுவதும் அந்த ஒரு முத்திரையில்தான் இருக்கிறது. அது கெட்டவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும்?

2014 ஜூலையில் இந்தியாவிலேயே அப்படி ஒரு பரபரப்பு ஏற்பட்டது. டில்லியில் உள்ள தேசிய தகவலியல் மையத்தின் முத்திரையோடு, கூகுள், யாஹூ பெயர்களில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்துவிட்டன. ஜூலை 2-ம் தேதி கூகுள் அதைக் கண்டுபிடித்தது. மறுநாளே இந்தியக் கட்டுப்பாட்டு அதிகாரி அந்த மையத்தின் முத்திரை அதிகாரத்தை ரத்து செய்தார். அந்தச் சான்றிதழ் உள்ளவன் நடுவில் நின்றால், விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பல ஒரு கூச்சலும் போடாமல் அவனைக் கூகுள் என்றே நம்பியிருக்கும்!

ஆகையால், "நெட் வேகமாக வரும், இந்தச் சான்றிதழைப் போனில் சேர்த்துக்கொள்" என்று யாராவது சொன்னால், வீட்டுச் சாவியைக் கேட்கிறான் என்று அர்த்தம். சோதனைக்காகத் தாமே சேர்த்தவர்களும், வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். வைபை அமைப்பில் எழுதிய பிராக்சி எண்ணையும் நீக்க வேண்டும். மறந்தால், கம்ப்யூட்டரை அணைத்ததும் அந்த வைபையில் போனுக்கு நெட் வராது. "போன் கெட்டுவிட்டது" என்று கடைக்கு ஓடுகிறவர்களும் உண்டு!

கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு

எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்குமா? இல்லாதவர்களுக்கும் ஓரளவு வழி இருக்கிறது.

ஐபோனில் 2021 டிசம்பர் முதல் "ஆப் பிரைவசி ரிப்போர்ட்" என்ற பகுதி வந்திருக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசி என்ற இடத்தில் அதைத் திறந்து வைத்தால், எந்த ஆப் எந்த விலாசங்களோடு பேசியது என்று பட்டியல் காட்டும். கடிதத்தின் உள்ளே இருப்பது தெரியாது. விலாசம் தெரியும்.

ஆண்ட்ராய்டு 12-ம் பதிப்பு முதல் "பிரைவசி டாஷ்போர்டு" என்று ஒன்று இருக்கிறது. காமிராவை, மைக்கை, இருப்பிடத்தைக் கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எத்தனை மணிக்குத் தொட்டது என்று அதில் பார்க்கலாம். டார்ச் லைட் ஆப் ஒன்று இரவு இரண்டு மணிக்கு உங்கள் இருப்பிடத்தைக் கேட்டிருந்தால், அதன் பெயரை விரலால் தொடுங்கள். அனுமதியை ரத்து செய்யும் பொத்தான் அடுத்த பக்கத்திலேயே இருக்கும்.